மாஸ் இல்லாத மனுஷன்

யாராவது அவர் எதிரில் வாய் தவறி "எடை" என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைய பொழுது அவ்வளவுதான். கெமிஸ்ட் விடமாட்டார்.

காய்கறிக் கடையில் முன்னால் நிற்கிற அம்மா, பாவம், "ஒரு கிலோ தக்காளி எடை போடுப்பா" என்று கேட்டிருப்பாள். இவர் பின்னாலிருந்து தலையை நீட்டுவார். "கிலோங்கறது எடை இல்லம்மா, நிறை. எடைங்கறது பூமி இழுக்கிற இழுப்பு. இதே தக்காளிய நிலாவுக்குக் கொண்டு போனீங்கன்னா எடை ஆறுல ஒரு பங்காயிடும். நிறை அப்படியே இருக்கும். நிறைன்னா மாஸ், எடைன்னா வெயிட். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது." அந்த அம்மா பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓரடி தள்ளி நிற்பாள். கடைக்காரருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. "நிலாவுல நமக்குக் கிளை இல்ல சார். உங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க" என்பார்.

சத்து டானிக் தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் கலவைப் பிரிவு அவருடையது. ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி, அதற்குள் சுற்றுகிற துடுப்பு, பக்கத்தில் பெரிய தராசு ஒன்று, சின்ன தராசு ஒன்று. அவர் கண்ணில் படாமல் ஒரு கை சர்க்கரைகூடத் தொட்டிக்குள் போகாது. டானிக்கில் முக்கால்வாசி சர்க்கரைப்பாகுதான். இரும்புச்சத்து, வைட்டமின், ஆரஞ்சு எசென்ஸ் எல்லாம் மிச்ச இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். உள்ளே போட்டதும் வெளியே வந்ததும் தராசில் ஒன்றாக இருந்தாக வேண்டும். அரைக் கிலோ குறைந்தாலும் குழாய் வளைவு, தொட்டி விளிம்பு, தரை என்று எல்லாரையும் தேட விட்டுவிடுவார். "நிறை அழியாதுப்பா. எங்கயாவது ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும், தேடு." தேடினால் இருக்கும். அதில்தான் மனுஷனுக்கு அத்தனை திமிர்.

டானிக் பாட்டிலின் மேல் புஜத்தை மடக்கிக் காட்டுகிற ஒரு ஆள் படம் உண்டு. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கெமிஸ்டை நிற்க வைத்தால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். எப்போதுமே ஒல்லி. இப்போது சில மாதங்களாக அந்த ஒல்லியும் தேய ஆரம்பித்திருந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி. வீட்டு முன் அறையில் தையல் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்க அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் யாரும் இளைத்துவிட முடியாது. அவர் பேண்ட்டின் இடுப்பை ஒரு தடவை பிடித்துத் தைத்தாள். கொஞ்ச நாளில் மறுபடியும் பிடித்தாள். மூன்றாவது தடவை பிடித்தால் பின்பக்கத்துப் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடும் என்கிற நிலைமையில், ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, ரொம்ப எடை கொறஞ்சிட்டீங்க."

"எடைதானே? நிறை குறையாது" என்றார் கெமிஸ்ட், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்ப பூமி உங்கள மட்டும் கம்மியா இழுக்குதாக்கும்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். உங்க அண்ணனுக்கும் முதல்ல பேண்ட்டுதான் லூசாச்சு."

அண்ணன் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தார். எல்லாரும் வேலை ஜாஸ்தி என்றார்கள், வயசு என்றார்கள். கடைசியில் பார்த்தால் வயிற்றுக்குள் கட்டி. அது தெரிந்த பிறகு ஆள் ரொம்ப நாள் இருக்கவில்லை. கெமிஸ்டுக்கும் அடிவயிற்றில் அந்தப் பயம் இருக்கத்தான் செய்தது. வெளியே காட்டிக்கொண்டால் கெமிஸ்ட் என்கிற பட்டம் என்னாவது? மறுநாள் அவள் நச்சரிப்புக்காகத்தான் போகிறேன் என்று அலுத்துக்கொண்டே டாக்டரிடம் போனார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

ஸ்கேன் அறையில் குளிர். வயிற்றில் பூசிய பசை அதைவிடக் குளிர். ஸ்கேன் எடுக்கிற டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, மூலையில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். படுத்திருக்கிறவர் சும்மா இருப்பாரா?

"மேடம், இந்த மெஷின் எத வெச்சு அளக்குது?"

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. லிவர் நார்மல். நோ மாஸ்."

கெமிஸ்டுக்குக் காது விடைத்தது. மாஸா? நம்ம மாஸா?

"மூச்ச விடுங்க. இந்தப் பக்கம் திரும்புங்க. கணையம் நார்மல். நோ மாஸ். கிட்னி ரெண்டும் நார்மல். நோ மாஸ். சரி, எழுந்து துடைச்சுக்கங்க."

டாக்டரம்மா சொன்னது கட்டி கிட்டி எதுவும் கிடையாது என்கிற தேன் போன்ற சேதி. மருத்துவத்தில் மாஸ் என்றால் கட்டி. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிற திரட்சி. அது இல்லை என்றால் அங்கேயே துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் நம்ம ஆள் ஆயுசு முழுக்க மாஸ் என்றால் நிறை, நிறை என்றால் மாஸ் என்று ஊர் காதில் ஓதியவர் ஆயிற்றே! கல்லீரலில் நிறை இல்லை. கணையத்தில் நிறை இல்லை. கிட்னி இரண்டிலும் இல்லை. பசையைப் பாதி துடைத்தும் துடைக்காமலும் சட்டையை மாட்டினார்.

படித்தவருக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்பீர்கள். டாக்டர்கள் பேசுகிற லட்சணத்தை யோசித்துப் பாருங்கள். "உங்க ஒடம்புல ரத்தமே இல்லியே" என்கிறார்கள். ரத்தமே இல்லாமலா ஒருவர் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபீஸ் கொடுக்கிறார்? கொஞ்சம்தான் இருக்கிறது என்பதை அப்படிச் சொல்கிறார்கள். அதே கணக்கில் இதையும் போட்டார் கெமிஸ்ட். உள்ளே சரக்கு இல்லை, எல்லாம் கரைந்துவிட்டது, கூடுதான் மிச்சம். நிறை இல்லாதது உலகத்தில் வெளிச்சம் ஒன்றுதான் என்று எப்போதோ படித்த ஞாபகம் வேறு வந்து தொலைத்தது. தான் என்ன டியூப் லைட்டா?

வெளியே பெஞ்சில் மனைவி காத்திருந்தாள். எழுந்து ஓடி வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்ல."

சொன்னதென்னவோ நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் மூஞ்சியைப் பேயறைந்த மாதிரி வைத்துக்கொண்டு "ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஆட்டோவில் வீடு வரும்வரை தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. அண்ணனை நினைத்து அழுவாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருக்கே சொல்ல வெட்கம். நிறை அழியாது என்று தெருவெல்லாம் முழங்கியவருக்கு உள்ளேயே நிறை அழிந்துவிட்டதாம். ஊருக்கெல்லாம் சத்து கலந்து கொடுக்கிறவர் சத்து இல்லாமல் நிற்கிறாராம். காய்கறிக் கடைக்காரருக்குத் தெரிந்தால் போதும், நிலாவுக்கே போய்க் கிளை திறந்துவிட்டு வந்து சிரிப்பார். டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. மனைவி கேட்டபோது "டாக்டர் வெளியூர் போயிருக்காரு" என்று ஒரு பொய்யை எடுத்து விட்டார்.

வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார். கையில் என்ன குறைச்சல்? தொட்டி தொட்டியாக டானிக் இருக்கிறது. சுவை பார்க்கிற சாக்கில் காலையில் ஒரு கப். மதியம் ஒரு கப். சாயந்திரம் கிளம்பும்போது ஒன்று. தொண்டைக்கு இதமாக, ஆரஞ்சு வாசனையோடு, பாகு மாதிரி இறங்கியது. ஆனாலும் பேண்ட் நழுவிக்கொண்டேதான் இருந்தது. விடுவாரா? அளவைக் கூட்டினார். தாகம் எடுத்தது, கலவை அறைச் சூடு என்றார். கழிவறைக்கும் கலவை அறைக்கும் நடந்தே கால் ஓய்ந்தது. தண்ணீர் ஜாஸ்தி குடிக்கிறோம், அதனால் என்றார். எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கிறவருக்கு எது காரணம் என்று மட்டும் தெரியவில்லை.

ஒருநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பாட்டில் நிரப்புகிற பெண் நல்ல மனசோடு, "சார், இன்னிக்கு செம மாஸ்!" என்றாள். கெமிஸ்ட் அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் பாட்டிலைக் கீழே போடப் பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் அவளோடு பேசவில்லை.

வீட்டில் மனைவி தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். முட்டை, மீன், இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரே ஒரு கரண்டி. "நீ சாப்பிடலயா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்பாள். அவருக்கு அவருடைய கவலை. தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். பின்னால் தையல் மெஷின் ஓடும், நிற்கும், ரொம்ப நேரம் நிற்கும், மறுபடி ஓடும்.

ஒரு காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் ஏணியில் இரண்டு படி ஏறினார். துடுப்பு சுற்றுவதை எட்டிப் பார்த்தார். துடுப்போடு அறையும் சேர்ந்து சுற்றியது. நல்லவேளையாகத் தொட்டிக்குள் விழாமல் சர்க்கரை மூட்டையின் மேல் விழுந்தார். கலவைப் பிரிவே சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் டாக்டரின் கிளினிக்கில் படுக்க வைத்தது.

கண் விழித்தபோது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி. கழுத்தில் டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. அவர் கண்ணைத் திறந்ததைப் பார்த்ததும் நேராக டாக்டரிடம் திரும்பினாள்.

"டாக்டர், இவருக்கு என்னன்னு எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க. ஸ்கேன்ல என்ன இருந்துச்சு? எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்."

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா."

"அதையேதான் இவரும் சொல்றாரு! ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கறீங்களா?" அவள் குரல் உடைந்தது. "இவங்க அண்ணனுக்கும் மொதல்ல ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க."

இதற்கு மேல் மறைப்பதில் அர்த்தம் இல்லை. கெமிஸ்ட் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். செத்தாலும் உண்மையைச் சொல்லிவிட்டுச் சாவோம் என்கிற முகம்.

"டாக்டர், அவகிட்ட சொல்லிடுங்க. எனக்கு மாஸ் இல்ல."

"ஆமா, இல்ல" என்றார் டாக்டர். "அதுக்கு சந்தோஷப்படணும் சார்."

"சந்தோஷமா? நிறையே இல்லாத மனுஷன் எப்படி டாக்டர் சந்தோஷப்படுவான்? லிவர்ல இல்ல, கிட்னியில இல்ல, எங்கயுமே மாஸ் இல்லன்னு அந்தம்மா ஒவ்வொண்ணா சொன்னாங்க. நான் என் காதால கேட்டேன்!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கெமிஸ்டைப் பார்த்தார், அவர் மனைவியைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை.

"சார், மாஸ்னா நாங்க சொல்றது கட்டி. உங்க வயித்துல கட்டி எதுவும் இல்ல. அவ்வளவுதான் அந்தம்மா சொன்னது. நிறை எல்லாம் ஸ்கேன்ல பாக்க மாட்டோம்."

மனைவி மெதுவாகத் திரும்பினாள்.

"கட்டி இல்லன்னு சொன்னாங்களா? அன்னிக்கேவா?"

"எனக்கு எப்படித் தெரியும்? மாஸ்னா…"

"மாஸ்!" என்றாள் அவள். கழுத்து டேப்பை உருவி, அதாலேயே அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். மூன்றாவதுக்குக் கை ஓங்கியவள் அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். ட்ரிப்ஸ் ஏறுகிற கையை ஆட்டாதீர்கள் என்று டாக்டர் திட்டினார்.

"கட்டி இல்ல, சரி. ஆனா ஒடம்பு ஏன் இப்படி உருகுச்சு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சர்க்கரை. விரல்ல குத்திப் பாத்தோம், ஐந்நூறைத் தொடுது. நான் அன்னிக்கு எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைய எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். சார், தினம் என்ன சாப்பிடறீங்க? இனிப்பு எதாவது?"

கெமிஸ்ட் கூரையைப் பார்த்தார். "இனிப்பு தொடறதில்ல டாக்டர். டானிக் மட்டும்."

"எவ்வளவு?"

"ஒரு… பாட்டில் இருக்கும். சில நாள் ஒண்ணரை."

டாக்டருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. பொறுமையாகச் சொன்னார். உள்ளே போன சர்க்கரையை உடம்பால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. அது சிறுநீரோடு வெளியே போகிறது. பசித்த உடம்பு தன்னுடைய கொழுப்பையும் தசையையும் எடுத்துத் தின்கிறது. இளைக்க இளைக்க இவர் டானிக் குடித்திருக்கிறார். குடிக்கக் குடிக்க இன்னும் இளைத்திருக்கிறார். மருந்து போட்டுக்கொண்டு, வாயைக் கட்டினால் சரியாகிவிடும். இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்.

கெமிஸ்டுக்குக் கடைசி வாக்கியம் காதில் விழவில்லை. முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது.

"அப்ப எதுவும் அழியல டாக்டர்! எல்லாம் வெளிய போயிருக்கு. நான் அதை மட்டும் பிடிச்சு நிறுத்துப் பாத்திருந்தா கணக்கு கிராம் சுத்தமா வந்திருக்கும்!"

"ஐயோ, கடவுளே" என்றாள் மனைவி.

ட்ரிப்ஸ் முடிய ஒரு மணி நேரமானது. எழுந்து உட்கார்ந்தபோது மனுஷனுக்குப் பழைய துடிப்பு வந்துவிட்டது. டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டினார்.

"இனிமே வீட்டுச் சமையலையே மாத்தணும். ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதானே? நீங்களும் மூலைல இருக்கிற அந்த மெஷின்ல ஒரு தடவ ஏறுங்கம்மா, எத்தனை கிலோன்னு எழுதி வெச்சுக்கறேன்."

"அவளுக்கென்ன டாக்டர், அவ கல்லு மாதிரி இருக்கா" என்றார் கெமிஸ்ட். "அறுபத்திரண்டுன்னு எழுதிக்கங்க. ஸ்கேனுக்கு முந்தின வாரம் கம்பெனி தராசுல நான்தான் நிறுத்தேன். நான் நிறுத்தா தப்பாது."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். முள் ஆடி ஆடி ஐம்பத்தைந்தில் நின்றது.

"மெஷின் தப்பு" என்றார் கெமிஸ்ட்.

அவளை இறங்கச் சொன்னார். குனிந்து முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்தார், வந்தது. தரை சாய்ந்திருக்கிறதோ என்று மெஷினைச் சுவரோரமாக நகர்த்தினார். மறுபடி ஏறச் சொன்னார். ஐம்பத்தைந்து. பூஜ்யத்தை இன்னொரு தடவை பார்க்கப் போனவர், அப்படியே நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் அளவெடுத்துத் தைக்கிறவள், தன் உடுப்பின் இடுப்பை இரண்டு ஊக்குப் போட்டுப் பிடித்திருந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே, அன்னிலேர்ந்து" என்றாள் அவள். "விடுங்க, எடைதானே."

எடைக்கும் நிறைக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல அவருக்கு அந்த நிமிஷம் வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"காலைல என்ன சாப்பிட்ட?"

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள்.

"டீ குடிச்சேன்னு நெனைக்கறேன்" என்றாள். "நேத்தா, இன்னிக்கான்னு தெரியல."

கெமிஸ்ட் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். ஜோடி மாறிய அந்தச் செருப்பு இரண்டையும் எடுத்து அவள் காலருகில் வைத்தார். தலை சுற்றும், குனியாதீர்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் ஏறவில்லை.

"வா, மொதல்ல நீ சாப்பிடு" என்றார்.